ஐந்து வயது மின்காரில் குறைந்த தூரம்: பேட்டரியா, பராமரிப்பா?

பின்னணி

இந்த ஆய்வில் வரும் கார் 2020-ஆம் ஆண்டின் நடுவில் சென்னையில் பதிவானது. முதல் உரிமையாளர் மூன்று ஆண்டு ஓட்டிவிட்டு, ஏறத்தாழ 38,000 கிலோமீட்டரில் விற்றார். 2023-இல் பெங்களூருவில் பழைய கார் விற்பவர் ஒருவரிடமிருந்து அதை வாங்கியவர்கள் ஜீவன்பீமா நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் தமிழ்த் தம்பதி. மனைவி பள்ளி ஆசிரியை. காரைப் பெரும்பாலும் ஓட்டுபவர் அவர்தான். கணவர் மெட்ரோவில் அலுவலகம் போகிறவர். இருவரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு இதைப் பதிவு செய்கிறேன். மின் வாகனங்களைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில்.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, எல்.எஃப்.பி. என்பார்கள். புதிதில் பயன்பாட்டுக்குக் கிடைத்த கொள்ளளவு சுமார் 30 யூனிட். நூறு செல் தொகுதிகளைத் தொடராக இணைத்து 320 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் பெறுகிறார்கள். செல்களின் அடியில் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் தட்டு உண்டு. பேட்டரிக்கு வாரண்டி எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லும்.

வாங்கும்போது இருக்கை, பெயின்ட், ஏசி எல்லாவற்றையும் பார்த்தார்கள். பேட்டரியின் நிலை பற்றி எழுத்தில் எதையும் கேட்கவில்லை. "ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது, பெல்ட் கிடையாது, சார்ஜ் போட்டு ஓட்ட வேண்டியதுதான்" என்று விற்றவர் சொன்னார். அடுத்த இரண்டு ஆண்டுக்கு அவர்களுடைய பராமரிப்புக் கையேடு இந்த ஒரு வாக்கியம்தான்.

தினசரி ஓட்டம் பள்ளி, கடை என்று முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மாதம் ஒருமுறை வேலூர். ஆசிரியையின் தந்தை அங்கே தனியாக இருக்கிறார், மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும். பெங்களூருவிலிருந்து வேலூர் சுமார் 210 கிலோமீட்டர். வாங்கிய புதிதில், முழு சார்ஜில் கிளம்பி, எழுபதைத் தாண்டாமல் ஓட்டினால் நிற்காமலே போய்ச் சேர முடிந்தது. சேரும்போது பத்து சதவீதத்துக்கு மேல் மீதம் இருக்கும். திரும்பும்போது கிருஷ்ணகிரியில் நிறுத்திச் சார்ஜ் போடுவார்கள்.

அறிகுறிகள்

2024 மழைக்காலம் முடிந்த பிறகு, திரையில் காட்டும் தூரம் மெல்லக் குறையத் தொடங்கியது. 220-ஐ ஒட்டிக் காட்டிய கார் 190, பிறகு 170 என்று காட்டியது. வேலூருக்குப் போகும்போதே வாணியம்பாடியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

2025 ஜனவரியில் ஆம்பூரைத் தாண்டியதும் திரையில் 19 சதவீதம் இருந்தது, சில நிமிடத்தில் 6 ஆனது. ஆமைப் படம் எரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின் இருக்கையில் டயாலிசிஸ் முடித்த தந்தை. நெடுஞ்சாலை ஓரத்துச் சார்ஜிங் நிலையம் வரை ஊர்ந்துபோய்ச் சேர்ந்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கார் எழவே இல்லை. ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் மடிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்து உட்கார்ந்தால், திரை ஒருமுறை மினுங்கி அணைந்தது. முந்தைய இரவு 80 சதவீதம் சார்ஜ் ஏற்றிய கார்.

இரண்டு தீர்ப்புகள்

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, பிழைக் குறியீடு ஏதுமில்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஓட்டும் முறையைப் பொறுத்துத் தூரம் மாறும் என்றார்கள். எத்தனை சதவீதம் நன்றாக இருக்கிறது என்பதற்கு எண் கிடைக்கவில்லை. ஏசி ஃபில்டருக்குப் பில் கிடைத்தது. வெளியே ஒரு பட்டறையில், செல் போய்விட்டது என்றார்கள். புதுப் பேட்டரி என்றால் பல லட்சம். பேட்டரியைத் திறந்து கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம், அது மலிவு என்று ஒரு யோசனையும் வைத்தார்கள்.

நன்றாக இருக்கிறது என்றவர்களும் அளக்கவில்லை, போய்விட்டது என்றவர்களும் அளக்கவில்லை. கணவர் காரை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்து விலையும் கேட்டுவிட்டார். கேட்ட விலை, பேட்டரி செத்துவிட்டது என்று வைத்துப் போட்ட விலை. அந்த நிலையில்தான் 2025 மார்ச்சில் என்னிடம் வந்தார்கள்.

முதலில் பார்த்தவை

எழாத காரிலிருந்து தொடங்கினோம். மின்காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பெட்ரோல் காரில் இருக்கும் அதே லெட்-ஆசிட் வகைதான் பெரும்பாலும். கதவுப் பூட்டு, திரை, கணினிகள், பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற கனமான ரிலேக்கள் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. அது படுத்துவிட்டால் கான்டாக்டர் மூடாது; கான்டாக்டர் மூடாவிட்டால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் பயனில்லை. இந்தக் காரில் இருந்தது தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பேட்டரி, ஐந்து வயதை நெருங்கியது. இரவு முழுக்க ஓய்வில் விட்டு அளந்தபோது 11.9 வோல்ட், நல்ல நிலையில் 12.6 இருக்க வேண்டும். சுமை ஏற்றிய சோதனையிலும் தேறவில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா, கார் நிற்கும்போதும் விடிய விடிய இதிலிருந்துதான் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்து சக்கரங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, வெப்பமானியை ஒவ்வொரு பிரேக் டிஸ்க்காகக் காட்டினோம். வலது முன் டிஸ்க் 50 டிகிரிக்குக் கீழே. இடது முன் டிஸ்க் 90-ஐத் தாண்டியிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைக் கழற்றியபோது, அது முன்னும் பின்னும் வழுக்க உதவும் இரண்டு பின்களில் கீழ்ப் பின் ரப்பர் உறைக்குள்ளேயே துருவேறி இறுகியிருந்தது. கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பொடி; பின்னை வெளியே எடுக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. பிரேக் பேட் ஒரு பக்கம் பாதி தேய்ந்திருக்க, மறு பக்கம் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது.

இது மின்காரில் எளிதில் வரும் கோளாறு என்று சொல்லலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை நிறுத்துகிறது. ஆசிரியை அந்த வசதியை எப்போதும் உச்சத்தில் வைத்து ஓட்டுபவர். பிரேக்கை மிதிப்பதே அரிது. பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் உழைக்காத பிரேக் துருப்பிடிக்கும் என்பதும் உண்மை. கார் மழையில் திறந்தவெளியில் நிற்கும் பள்ளி வளாகம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

டயர்களில் காற்று 26 இருந்தது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டு 33 கேட்டது. முன் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. பெங்களூருச் சாலையில் இரண்டு ஆண்டு ஓடிய காருக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கவே இல்லை என்றால் வேறெப்படி இருக்கும்? கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே, நிறமும் வெளுத்திருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். கையேட்டில் மின்கடத்தும் தன்மை குறைந்த தனிவகைக் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது.

இவற்றைச் சரிசெய்யும் முன் ஓர் அளவு வேண்டும் என்பதால், விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிச் செலவைப் பார்த்தோம். 100 கிலோமீட்டருக்கு 15.2 யூனிட் கணக்கில் வந்தது.

பெரிய பேட்டரி

பெரிய பேட்டரியை இரண்டு வழியில் சோதித்தோம். முதல் வழி எளிமையானது: காரை ஓட்டிக் காலியாக்கி, வீட்டு இணைப்பில் ஒரு மீட்டரை வைத்து, நிரம்பும் வரை எத்தனை யூனிட் போகிறது என்று பார்ப்பது. 8 சதவீதத்திலிருந்து சார்ஜ் தானாக நிற்கும் வரை 25.1 யூனிட் போனது. மெதுவான வீட்டுச் சார்ஜில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வெப்பமாகவும் துணைக் கருவிகளுக்கும் போய்விடும். இந்தக் காருக்கு 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பேட்டரிக்குள் போனது சுமார் 22.3. முழுக் கொள்ளளவுக்கு மாற்றினால் 24.3 யூனிட். 30-இல் 24.3 என்றால் 81 சதவீதம். இதைப் பார்த்ததும் கணவரின் முகம் வாடியது. ஆனால் திரை காட்டிய அந்த 8 சதவீதம் உண்மைதானா என்ற கேள்வி எனக்கு இருந்தது.

இரண்டாவது வழி, காரின் சோதனைத் துளையில் கருவியைச் செருகி நூறு தொகுதிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது. சார்ஜ் முடியும் நேரத்தில் திரையில் நூறு எண்கள். பெரும்பாலானவை 3.38, 3.39 என்று நிற்க, 23-ஆவது தொகுதி மட்டும் கிடுகிடுவென ஏறி 3.65-ஐத் தொட்டது. உடனே, பேட்டரியைக் கண்காணிக்கும் மேலாண்மை அமைப்பு சார்ஜை நிறுத்திவிட்டது. ஒன்று நிரம்பிவிட்டால் மற்ற தொண்ணூற்றொன்பதும் பாதி வயிற்றோடு நிற்க வேண்டியதுதான். ஓட்டிக் காலியாக்கும்போது வேறொரு காட்சி: மற்றவை 3.15-இல் இருக்கும்போதே 61-ஆவது தொகுதி 2.8-க்கு விழுந்தது. ஆம்பூரில் எரிந்த ஆமைக்கு விளக்கம் அங்கே கிடைத்தது.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே முதலில் நிரம்புவதும் கீழே முதலில் காலியாவதும் ஒரே தொகுதியாக இருந்தால், அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது என்று பொருள். அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். மேலே ஒன்று, கீழே வேறொன்று என்றால், தொகுதிகள் ஒன்றுக்கொன்று நிலை தவறி நிற்கின்றன என்பதே முதல் ஊகம். அதைப் பொறுமையாகச் சரிசெய்யலாம். இந்தக் காரில் மேலே 23, கீழே 61. செல் போய்விட்டது என்று சொன்ன பட்டறை கீழே மட்டும் பார்த்திருக்கலாம், அல்லது எதையுமே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நிலை ஏன் தவறியது? ஆசிரியை எங்கோ படித்து, பேட்டரியை எப்போதும் 20-க்கும் 80-க்கும் இடையிலேயே வைத்திருந்தார். வேலூர் கிளம்பும் நாளில்கூட 90, 95-இல் பிளக்கை எடுத்துவிடுவார். ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்தக் கார் முழு சார்ஜைப் பார்த்ததில்லை. "டீச்சர், இந்த விதியை யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன். "எல்லோரும் சொல்கிறார்களே சார்" என்றார். எல்லோரும் சொல்வது உண்மைதான். கைபேசியில் இருக்கும் கோபால்ட் வகைச் செல்களுக்கும் பல மின்கார்களில் இருக்கும் நிக்கல் கலந்த செல்களுக்கும் அது நல்ல யோசனை. உச்ச மின்னழுத்தத்தில் அவை வேகமாக மூப்படையும்.

எல்.எஃப்.பி. செல்லின் குணம் வேறு. அதன் மின்னழுத்தம் நெடுந்தூரம் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட்தான் வித்தியாசம். அதை வைத்துச் சதவீதம் சொல்ல முடியாது. எனவே மேலாண்மை அமைப்பு ஒரு கணக்குப்பிள்ளையைப் போல, உள்ளே வந்த மின்னோட்டத்தையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. சிறு பிழைகள் நாளடைவில் சேரும். அவற்றைத் திருத்திக்கொள்ளும் இடம் முழு சார்ஜ்தான். அங்கேதான் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. தொகுதிகளைச் சமன்செய்யும் வேலையும் இத்தகைய கார்களில் அந்த உச்சியில்தான் நடக்கிறது. டெஸ்லா தன் எல்.எஃப்.பி. கார்களுக்கு வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் ஏற்றச் சொல்வது இதனால்தான். இந்தக் காரின் கையேட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. கையேடு உறை பிரிக்கப்படாமல் டாஷ்போர்டுக்குள் கிடந்தது.

பெங்களூருவுக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. 2001-இல் இங்கே தயாராகி விற்பனைக்கு வந்த ரேவா காரில் எட்டு ஆறு-வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் இருந்தன. லெட்-ஆசிட் பேட்டரிக்கு வடிநீர் ஊற்ற வேண்டும், அவ்வப்போது முழுதாக ஏற்றிச் சமன்செய்ய வேண்டும் என்பது அதை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வேதியியல் மாறியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

குடியிருப்பிலும் ஒரு தடை இருந்தது. சங்கத்தின் விதிப்படி கார் நிறுத்துமிடத்துப் பிளக்குகளுக்கு இரவு 11 முதல் காலை 5 வரைதான் மின்சாரம். 3.3 கிலோவாட் சார்ஜரில் ஆறு மணி நேரத்தில் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது; உள்ளே கம்பி தளர்ந்து சூடாகியிருக்கிறது. காலியான காருக்கு ஒரே இரவில் முழு சார்ஜ் போட வேண்டும் என்று ஆசிரியை நினைத்திருந்தாலும் அந்த இடத்தில் முடிந்திருக்காது.

எடுத்த முடிவுகள்

வரிசைதான் முக்கியம் என்று தம்பதிக்கு விளக்கினோம். 12 வோல்ட் பேட்டரியை முதலில் மாற்றினோம். அது தள்ளாடினால் கணினிகள் தரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. கேமராவின் இணைப்பை, கார் அணைந்தால் அதுவும் அணையும்படி மாற்றினோம். பிறகு பிரேக் பின்கள், காற்று, அலைன்மென்ட். கூலன்ட்டை முழுதாக வடித்து, கையேடு சொல்லும் வகையை நிரப்பச் சர்வீஸ் சென்டருக்கே அனுப்பினோம்; காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பும் கருவி அவர்களிடம்தான் இருக்கிறது.

சமன்செய்வதற்கு நேரம் வேண்டும். நிரம்பிய தொகுதியிலிருந்து மிகையை ஒரு சிறு மின்தடை வழியாக வெப்பமாக்கிக் கரைப்பதுதான் முறை. அந்த மின்னோட்டம் நூறு மில்லியாம்பியர் அளவில் இருக்கும். 94 ஆம்பியர்-மணி உள்ள தொகுதியில் ஐந்து சதவீத மிகை என்றால் கரைய நாற்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே இரவில் நடக்காது. கணவர் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்து, தன் செலவில் தனிக் கம்பி இழுத்துச் சுவர்ச் சார்ஜரும் துணை மீட்டரும் பொருத்த அனுமதி பெற்றார். எர்த்திங்கும் அப்போதே சரிபார்க்கப்பட்டது. வார இறுதிகளில் காரை முழுதாக ஏற்றி, நிரம்பிய பிறகும் பிளக்கை எடுக்காமல் மறுநாள் வரை விட்டுவைப்பது என்று முடிவு செய்தோம்.

பேட்டரியைத் திறந்து செல் மாற்றும் யோசனையை மறுத்தோம். இதில் கணவருக்கு எங்களோடு உடன்பாடு இல்லை. பட்டறைக்காரர் சொன்ன தொகை அவரை இழுத்தது. 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டம் உயிர் வாங்கும் என்பது ஒரு காரணம். வாரண்டிக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கும்போது முத்திரையை உடைத்தால் அந்த உரிமை போய்விடும் என்பது இன்னொன்று. தண்ணீர் புகாத உறையை ஒருமுறை பிரித்துவிட்டு அதே இறுக்கத்தில் மூடுவது பட்டறையில் நடக்கிற காரியம் அல்ல. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கடைசியில் ஆசிரியை, "அளந்து முடியும் வரை யாரும் எதையும் திறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வாதம் அதோடு நின்றது.

பிறகு நடந்தது

12 வோல்ட் பேட்டரி மாற்றிய பிறகு கார் எழாமல் இருந்ததே இல்லை. பிரேக்கும் டயரும் சரியானதும் அதே சாலையில் அதே வேகத்தில் செலவு 100 கிலோமீட்டருக்கு 13.4 யூனிட்டாக இறங்கியது.

பேட்டரி மெதுவாகத்தான் வழிக்கு வந்தது. முதல் இரண்டு வாரம் திரையில் சதவீதம் தாறுமாறாகக் குதித்தது. 97-இல் நெடுநேரம் நின்று திடீரென 100 ஆகும். கணவர் தொலைபேசியில் கோபமாகவே பேசினார். ஒரு மாதம் கடந்த பின் 23-ஆவது தொகுதி மற்றவற்றோடு சேர்ந்தே உச்சிக்கு ஏறியது. ஜூனில் மீண்டும் காலியாக்கி நிரப்பினோம். 6 சதவீதத்திலிருந்து 29 யூனிட் போனது. அதே கழிவைக் கழித்துக் கணக்கிட்டால் முழுக் கொள்ளளவு சுமார் 27.5 யூனிட்; புதிதில் இருந்ததில் 91, 92 சதவீதம்.

இப்போது தொலைந்த தூரத்தைப் பங்கு பிரிக்க முடிந்தது. 13.4 யூனிட் செலவில், புதுப் பேட்டரியோடு இந்தக் கார் 224 கிலோமீட்டர் போயிருக்கும். எங்களிடம் வந்த அன்று அதனால் 160 தான் போக முடிந்தது. குறைந்த 64 கிலோமீட்டரில் பிரேக், டயர் எடுத்துக்கொண்டது சுமார் 21. சமநிலைக் கோளாறு எடுத்துக்கொண்டது 24. பேட்டரியின் உண்மையான மூப்பு எடுத்தது 19. முதல் இரண்டும் திரும்பி வந்தன, மூன்றாவது வராது.

அந்த மூன்றாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடினாலும் நின்றாலும் செல் மூப்படைகிறது. எதிர்மின்முனையின் கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் வளர்ந்து லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. இந்தக் கார் தன் முதல் மூன்று கோடைகளைச் சென்னையில் கழித்தது. 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் அது இனி கழிக்கும் கோடைகள் பேட்டரிக்கு இதமானவை. ஐந்து ஆண்டில் ஒன்பது சதவீதக் குறைவு என்பது என் பார்வையில் நல்ல முதுமை.

வேலூர் திரும்பும் பயணத்தில் இன்னும் ஏன் இவ்வளவு குறைகிறது என்று ஆசிரியை கேட்டார். அதற்குப் பேட்டரி பொறுப்பல்ல. வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு அதைவிட 700 மீட்டர் மேலே. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 3.2 யூனிட் வேண்டும். போகும்போது அதில் ஒரு பகுதி கைக்கு வருகிறது. வரும்போது முழுதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. இதைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவர் அதை ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்துவிட்டார்.

மொத்தச் செலவு, சுவர்ச் சார்ஜரைத் தவிர்த்து, இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. காரை விற்கும் பேச்சு நின்றது.

இனி மாற்றிக்கொள்வது

இந்தத் தம்பதி வாரம் ஒருமுறை முழு சார்ஜ் போடுகிறார்கள். மற்ற நாட்களில் 80 போதும். முழுதாக ஏற்றிய காரைக் கோடை வெயிலில் நாள்கணக்கில் நிறுத்துவதில்லை. வாரம் ஓரிரு முறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், மோட்டார் நிறுத்தத்தைக் குறைத்துவைத்துப் பிரேக்கை அழுத்தி நிறுத்துகிறார் ஆசிரியை. டிஸ்க்கின் துரு அதில் போய்விடும். மழைக்காலம் முடிந்ததும் காலிப்பர் பின்களுக்குக் கிரீஸ், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் இடமாற்றமும் அலைன்மென்ட்டும் என்று சுவர் நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரியை நான்காவது ஆண்டிலேயே சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய மின்கார் வாங்க வருபவர்களிடம் நாங்கள் இப்போது கேட்பது: மேலேயும் கீழேயும் செல் மின்னழுத்தப் பதிவு, மீட்டர் வைத்து நிரப்பிய யூனிட் கணக்கு, கார் எந்த ஊரில் எத்தனை கோடை கண்டது என்ற விவரம். கிலோமீட்டர் மீட்டரை மட்டும் பார்த்துப் பேட்டரிக்கு விலை போட முடியாது. இரண்டு நாள் காரைக் கொடுத்துச் சோதிக்கவிட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

முடியாமல் இருப்பது 61-ஆவது தொகுதி. சமன்செய்த பிறகும் கீழே முதலில் விழுவது அதுதான், முன்பைவிட மிகத் தாமதமாக. ஜூனிலும் நவம்பரிலும் எடுத்த அளவுகளில், 10 சதவீதத்தில் அதற்கும் மற்றவற்றின் சராசரிக்கும் உள்ள இடைவெளி 70 மில்லிவோல்ட்டை ஒட்டியே இருந்தது. ஆக, அதன் கொள்ளளவு கொஞ்சம் குறைவுதான். ஆனால் அது மேலும் சரியவில்லை. இரண்டு அளவுகளையும் இணைத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கடிதம் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார்கள். மின்னஞ்சலில் அனுப்பியதும் காரின் கோப்பில் சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சதவீதத்தில், அதே வெப்பநிலையை ஒட்டி அளக்கிறோம். இடைவெளி 150 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், 2028 நடுவில் வாரண்டி முடிவதற்குள் அந்தத் தொகுதி அடங்கிய மாட்யூலை மாற்றித் தரக் கோருவது என்று பேசி வைத்திருக்கிறோம்.